உங்க ஊரு ஏரியோட சர்வே எண் என்ன?

பெரம்பலூர், அரியலூர் ஏரிகளை முன்வைத்து ஒரு பேச்சு: எழுத்து வடிவம்



உங்க கைபேசியில ரேஷன் கார்டு இருக்கும். ஆதார் இருக்கும். கேஸ் புக்கிங் நம்பர் இருக்கும். வங்கிக் கணக்கு எண்ணைப் பார்க்காமலே ஒப்பிக்கிறவங்களும் உண்டு. நான் ஒரு சின்னக் கேள்வி கேட்கிறேன். உங்க ஊரு ஏரியோட சர்வே எண் என்ன?

பெரும்பாலும் பதில் வராது. வீட்டு மனையின் பட்டா எண் நமக்குத் தெரியும், ஏன்னா அது நம்முடையது. காட்டின் சர்வே எண் தெரியும், பயிர்க் கடன் வாங்க அது வேணும். ஏரி மட்டும் "ஊருக்குப் பொது". பொது என்றால் எல்லாருக்கும் சொந்தம் என்றுதான் அர்த்தம். ஆனால் நடைமுறையில், யாரும் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டாத சொத்து என்று ஆகிவிட்டது.

இந்தப் பேச்சு முழுக்க அந்தக் கணக்கைப் பற்றித்தான். வறட்சியைத் தாங்கும் ஊர் எது, தாங்காத ஊர் எது என்பதை மழை மட்டும் முடிவு செய்வதில்லை. தன் பொதுச் சொத்தின் அளவு தெரிந்த ஊர், கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டிய நாளில் கேட்கும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை எடுத்துக்கொண்டு பேசுகிறேன். சொல்லும் வழிமுறை தமிழ்நாட்டின் எந்த ஊருக்கும் பொருந்தும்.

கடல் விட்டுப் போன மண்

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் சாத்தனூர் என்று ஒரு ஊர். அங்கே ஓடைக்கரையில் கல்லாகிப் போன ஒரு மரம் படுத்துக் கிடக்கிறது. நீளம் சுமார் 18 மீட்டர். வயது ஏறத்தாழ 12 கோடி ஆண்டு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் 1940-ல் இதை உலகுக்குத் தெரியப்படுத்தினார். அன்றைக்கு இந்தப் பகுதி கடலோரம். அரியலூர் பக்கம் முழுக்கக் கடல். அந்தக் கடலில் வாழ்ந்த சிப்பிகளும் நத்தைகளும் படிந்து படிந்து இறுகியதுதான் இன்று அரியலூரில் வெட்டும் சுண்ணாம்புக்கல். சிமெண்ட் ஆலைகள் இங்கே வரிசையாக வந்ததற்கு அந்தக் கல்தான் காரணம்.

மேற்கே பச்சைமலை அடிவாரம் பக்கம் போனால் கதையே வேற. அங்கே அடியில் கடினப் பாறை. மேலே கரிசல், செம்மண். மக்காச்சோளம், பருத்தி, செட்டிகுளம் பக்கத்துச் சின்ன வெங்காயம். பெரும்பகுதி மானாவாரி, மீதி கிணற்றுப் பாசனம். அரியலூர் மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில் கொள்ளிடம் ஓடுகிறது. புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக மேட்டூர்த் தண்ணீர் சில ஊர்களுக்கு வருகிறது. மற்ற ஊர்களுக்கு வானம், ஏரி, கிணறு இந்த மூன்றும்தான்.

கல், மண், தண்ணீர் மூன்றும் இயற்கை வளம். இதில் கல் ஒருமுறை வெட்டினால் முடிந்தது. மண்ணும் தண்ணீரும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஆண்டுதோறும் திரும்பி வரும். வெட்டி எடுக்கும் வளத்தின் கணக்கு டன் டன்னாக எழுதி வைக்கப்படுகிறது. திரும்பி வரும் வளத்தின் கணக்கும் அரசுப் பதிவேட்டில் இருக்கத்தான் செய்கிறது. நாம்தான் எடுத்துப் பார்ப்பதில்லை.

ஒரு அங்குல மழை, ஒரு லட்சம் லிட்டர்

ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு அங்குலம் மழை பெய்தால் எவ்வளவு தண்ணீர்? ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று மேல். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் எட்டரை லோடு. நம்ம பகுதியில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டருக்கு அக்கம்பக்கம் மழை. அதாவது சுமார் 35 அங்குலம். ஒரு ஏக்கருக்கு 35 லட்சம் லிட்டர் வானத்திலிருந்து இலவசமாக வருகிறது.

"அப்படின்னா ஏங்க சித்திரையில குடிக்கத் தண்ணி இல்ல?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அந்த மழையில் பாதியோ அதற்கு மேலோ வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, சில பெருமழை நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அந்தச் சில நாட்களில் பிடித்து வைக்கவில்லை என்றால் ஓடை வழியாக மருதையாற்றுக்கும் வெள்ளாற்றுக்கும் போய்ச் சேரும்.

போர் போட்டுச் சமாளித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பும் கடினப் பாறைப் பகுதியில் ஓரளவுக்குத்தான் செல்லும். மணல் பூமியில் தண்ணீர் மண் முழுக்கப் பரவி நிற்கும். பாறையில் அப்படி இல்லை. மேலே உதிர்ந்துபோன பகுதியிலும் பாறை வெடிப்புகளிலும்தான் தண்ணீர் தங்கும். ஆழம் போகப் போக வெடிப்பு குறையும். ஆகவே 300 அடியில் கிடைக்காத தண்ணீர் 800 அடியில் கிடைக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. கிடைக்கும் செலவு மட்டும் உறுதி. அந்த வெடிப்புகளுக்கு மேலிருந்து தண்ணீர் இறங்க வேண்டும். இறங்க வேண்டுமானால் மேலே நிற்க வேண்டும். அது நிற்கும் இடம்தான் ஏரி, குளம், குட்டை.

ஏரி என்பது நடுவில் நிற்கும் தண்ணீர் மட்டும் இல்லை

ஏரியைப் பார்க்கச் சொன்னால் கரையில் நின்று தண்ணீரைப் பார்ப்போம். ஆனால் ஏரி ஐந்து உறுப்பு கொண்ட ஒரு உடம்பு. தண்ணீர் கொண்டுவரும் வரத்து வாய்க்கால். அதைத் தடுத்து நிறுத்தும் கரை. வயலுக்குத் திறந்துவிடும் மடை. நிரம்பியதும் உபரியை வெளியே விடும் கலங்கு. கீழே பாசனம் பெறும் ஆயக்கட்டு. ஒரு ஏரியின் கலங்குத் தண்ணீர் பல இடங்களில் அடுத்த ஊர் ஏரியின் வரத்து. அதனால் மேல் ஊரில் வாய்க்காலை யாராவது அடைத்தால், நல்ல மழை பெய்த ஆண்டிலும் கீழ் ஊர் ஏரி காய்ந்து கிடக்கும். கலங்குக்குப் பின்னால் போகும் வாய்க்கால் தூர்ந்திருந்தால் பெருமழையில் கரை உடையும். வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் காரணம் பல நேரம் ஒரே வாய்க்கால்தான்.

இதற்கு வரலாற்றுச் சாட்சி நம்ம மாவட்டத்திலேயே இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் இராசேந்திரன் வெட்டிய சோழகங்கம். கங்கை வெற்றியின் நினைவாக, தண்ணீராலேயே அமைத்த வெற்றித்தூண் என்ற பொருளில் திருவாலங்காட்டுச் செப்பேடு இதைக் குறிப்பிடுகிறது. இன்று பொன்னேரி என்கிறோம். வரத்தும் கரையும் காலப்போக்கில் சிதைந்த பிறகு, பேரரசன் வெட்டிய ஏரியும் பழைய பரப்பில் நிற்க முடியவில்லை. வெட்டுவதைவிடப் பராமரிப்பதுதான் பெரிய வேலை.

மறுபக்கம் திருமானூர் வட்டாரத்தில் உள்ள கரைவெட்டி ஏரியைப் பாருங்கள். புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக அதற்குத் தண்ணீர் வரத்து உண்டு. அது பாசன ஏரி, பறவைகள் சரணாலயம், இரண்டும்தான். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் இங்கே தங்குகின்றன. 2024 ஜனவரியில் இது ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பதிவேட்டில் பரப்பு 453.72 ஹெக்டேர். அந்த எண் எவ்வளவு துல்லியமாக இருக்கிறது என்று கவனியுங்கள். தசமப் புள்ளி வரை அளந்து, எழுதி, உலக அளவில் பதிந்த ஏரி அது. உங்க ஊரு ஏரிக்கும் இப்படி ஒரு எண் இருக்கிறது. அது உங்களுக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

முதல் விதி: எல்லை

எலினார் ஆஸ்ட்ராம் என்று ஒரு அமெரிக்க அறிஞர். பொருளாதார நோபல் பரிசு பெற்ற முதல் பெண், 2009-ல். ஊர்ப் பொதுச் சொத்துகளை, அதாவது பாசன வாய்க்கால், காடு, மேய்ச்சல் நிலம், மீன்பிடி நீர்நிலை போன்றவற்றை மக்களே சேர்ந்து எப்படி நீண்டகாலம் காப்பாற்றுகிறார்கள் என்று பல நாடுகளில் ஆராய்ந்தார். வெற்றி பெற்ற ஊர்களில் பொதுவாகக் காணப்பட்ட விதிகளைப் பட்டியலிட்டார். பட்டியலில் முதலில் வருவது: எல்லை தெளிவாக இருக்க வேண்டும். சொத்து எதுவரை, அதில் உரிமை யாருக்கு. இது தெரியாத இடத்தில் மற்ற விதிகள் நிற்பதில்லை.

நம்ம ஊரில் நீர்க்கட்டி, மடைக்காரர் என்று ஆள் வைத்துத் தண்ணீர் பங்கிட்ட காலத்தில் எல்லை எல்லாருக்கும் தெரியும். பெரியவர்கள் தலையிலேயே வரைபடம் இருந்தது. இன்று அந்தப் பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகள் திருப்பூரிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். ஆகவே தலையில் இருந்ததைக் கைபேசிக்கு மாற்றிக்கொள்ள வேண்டிய காலம் இது.

சட்டமும் எல்லையிலிருந்துதான் தொடங்குகிறது. நீர்நிலைகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. முதலில் ஏரியை அளந்து எல்லை குறிக்க வேண்டும், பிறகுதான் நோட்டீஸ், அதன் பிறகுதான் அகற்றுதல் என்பதே அதன் வரிசை. குளம், குட்டை போன்றவை சமுதாயத்தின் பொது வளம், அவற்றைக் காப்பது அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2001-ல் ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

கைபேசியில் பார்ப்பது எப்படி?

1. முதலில் சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள கிராம வரைபடத்தில் ஏரி, ஓடை, வாய்க்கால் எல்லாவற்றுக்கும் எண் இருக்கும். உங்க நிலம் ஏரிக்குப் பக்கத்தில் இருந்தால், உங்க புலப்படத்திலேயே அடுத்த சர்வே எண் குறித்திருக்கும்.

2. தமிழ்நாடு அரசின் "எங்கிருந்தும் எந்நேரமும்" நில ஆவண இணையச் சேவைக்குப் போங்கள். அ-பதிவேடு விவரங்களைப் பார்வையிடும் பகுதியைத் திறந்து மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுங்கள். கைபேசிக்கு ஓடிபி வரும். பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை.

3. வகைப்பாட்டைப் படியுங்கள். அரசு புறம்போக்கு, ஏரி, குளம், வாய்க்கால், ஓடை என்று எழுதியிருக்கும். புறம்போக்கு நிலமா என்று சரிபார்க்கும் தனிப் பகுதியும் அதே தளத்தில் உண்டு.

4. பரப்பைப் படியுங்கள். ஹெக்டேர், ஏர்ஸ் என்று இருக்கும். 100 ஏர்ஸ் ஒரு ஹெக்டேர். ஒரு ஏக்கர் என்பது சுமார் 40.5 ஏர்ஸ். ஒரு ஹெக்டேர் என்பது 2 ஏக்கர் 47 சென்ட்.

5. ஏரியோடு நிற்காமல் வரத்து வாய்க்காலின் எண்ணையும் கலங்கு வாய்க்காலின் எண்ணையும் பாருங்கள். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான்.

6. கூகுள் எர்த் போன்ற செயலியில் ஏரியைப் பார்த்து, அளக்கும் வசதியால் தோராயப் பரப்பைக் கணக்கிடலாம். பழைய ஆண்டுப் படங்களோடு ஒப்பிட்டும் பார்க்கலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. செயற்கைக்கோள் படத்தில் ஏரி சிறிதாகத் தெரிந்தால் உடனே ஆக்கிரமிப்பு என்று முடிவு கட்டாதீர்கள். கோடையில் தண்ணீர் சுருங்கும். கருவேல மரம் மூடியிருக்கும். எல்லையை முடிவாகச் சொல்வது நில அளவையர் அளப்பது மட்டும்தான். உங்க கைபேசிக் கணக்கு, அளக்கச் சொல்லிக் கேட்பதற்கான காரணம். தீர்ப்பு இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். புறம்போக்கில் குடியிருப்பவர்களில் போக்கிடம் இல்லாத ஏழைகளும் உண்டு. அவர்களோடு வாய்ச்சண்டை போடுவது உங்க வேலை இல்லை. மனு போடுங்கள். நடைமுறையைச் சட்டம் பார்த்துக்கொள்ளும், மாற்று ஏற்பாட்டையும் அதே மனுவில் கேட்கலாம்.

யாரிடம் கேட்பது?

மக்கள் அதிகம் அலைவது இங்கேதான். ஒரு அலுவலகத்துக்குப் போனால் "இது எங்களுடையது இல்லை, அங்கே போங்க" என்று சொல்வார்கள். அலையாமல் இருக்க ஒரு எளிய விதி. ஏரியின் ஆயக்கட்டு 40 ஹெக்டேர், அதாவது 100 ஏக்கர் அளவுக்கோ அதற்கு மேலோ இருந்தால் பொதுவாக அது நீர்வளத் துறையின் ஏரி. அதற்குக் குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியத்தின் ஏரி. ஊருணி, குட்டை, குடிநீர்க் குளம் ஊராட்சியின் பொறுப்பில் வரும். நில எல்லை, அளவை, ஆக்கிரமிப்பு என்றால் எந்த ஏரியானாலும் வட்டாட்சியர் அலுவலகத்தைத் தொட்டுத்தான் ஆக வேண்டும்.

மனுவை முதல்வரின் முகவரி இணையதளத்திலோ 1100 என்ற எண்ணிலோ பதிவு செய்யலாம். மனு எண் கிடைக்கும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மனுவில் "எங்கள் ஊர் ஏரியைத் தூர்வாரித் தர வேண்டும்" என்று மட்டும் எழுதினால் அது எந்த மேசைக்குப் போக வேண்டும் என்றே தெரியாது. "இன்ன வட்டம், இன்ன கிராமம், சர்வே எண் இது, இந்த ஏரிக்கு வரும் வரத்து வாய்க்காலில் இன்ன இடத்தில் அடைப்பு" என்று எழுதினால் அது நேரே உரிய மேசைக்குப் போகும். சர்வே எண்ணின் பலம் அங்கேதான் தெரியும்.

வண்டல்: எடுப்பவருக்கும் லாபம், ஏரிக்கும் லாபம்

ஏரி மேடாகிப் போகக் காரணம் வண்டல். அதே வண்டல் காட்டுக்கு உரம். நம்ம தாத்தா காலத்தில் கோடையில் வண்டி கட்டி ஏரி மண் அடிப்பது வழக்கம். நடுவில் அனுமதி வாங்குவது சிரமமாகிப் போனதால் பலர் விட்டுவிட்டார்கள். 2024-ல் இந்த முறை எளிதாக்கப்பட்டது. மாவட்ட அரசிதழில் அறிவிக்கப்பட்ட ஏரிகளில் விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கட்டணமின்றி மண் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம். விண்ணப்பம் இ-சேவை இணையதளம் வழியாக.

அளவு: நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர். புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர். மண்பாண்டத் தொழிலுக்கு 60 கன மீட்டர். வீட்டு உபயோகத்துக்கு 30 கன மீட்டர்.

இதை ஏரியின் பக்கத்திலிருந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கன மீட்டர் மண் வெளியே போனால் ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு இடம் கிடைக்கும். புன்செய் வைத்திருக்கும் ஒரு விவசாயி ஒரு ஏக்கருக்கு மண் எடுத்தால் 90,000 லிட்டருக்கு இடம். ஊரில் நூறு பேர் ஆளுக்கு ஒரு ஏக்கருக்கு எடுத்தால் 90 லட்சம் லிட்டர். அரசு ஒப்பந்தம் எதுவும் இல்லாமல், அவரவர் காட்டுக்கு உரமும் ஏறி, ஏரிக்குள் இவ்வளவு இடம் கிடைக்கிறது.

ஆனால் எங்கே எடுக்கிறோம் என்பது முக்கியம். கரையை ஒட்டி வெட்டக் கூடாது, கரை பலவீனமாகும். மடைக்கு முன்னால் பள்ளம் பறித்தால் அந்தத் தண்ணீர் மடை ஏறாது. பொறியாளர் காட்டிய இடத்தில், காட்டிய ஆழத்தில்தான் எடுக்க வேண்டும். அனுமதிச் சீட்டு உங்க காட்டுக்கான மண்ணுக்கு மட்டும். செங்கல் சூளைக்கோ மனை நிரப்பவோ விற்றால் அது கனிமத் திருட்டு வழக்கில் கொண்டுபோய் விடும்.

கல்லிலிருந்து வரும் பணம்

சுண்ணாம்புக்கல் சுரங்கம் உள்ள ஊர்க்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. 2015-ல் மத்திய கனிமச் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி சுரங்கத்தால் பாதிக்கப்படும் மாவட்டங்களில் மாவட்டக் கனிம அறக்கட்டளை அமைக்கப்படுகிறது. குத்தகைதாரர் அரசுக்குக் கட்டும் ராயல்டி போக, அறக்கட்டளைக்கும் தனியாகக் கட்ட வேண்டும். 2015 ஜனவரி 12-க்கு முன் வழங்கிய குத்தகை என்றால் ராயல்டியில் 30 சதவீதம். அதன் பிறகு ஏலத்தில் வழங்கியது என்றால் 10 சதவீதம்.

2014-ல் நிர்ணயித்த வீதப்படி சிமெண்டுக்குப் போகும் சுண்ணாம்புக்கல்லுக்கு ராயல்டி டன்னுக்கு 80 ரூபாய். அப்படியானால் பழைய குத்தகையில் டன்னுக்கு 24 ரூபாய் அறக்கட்டளைக்கு. 20 டன் ஏற்றிய ஒரு டிப்பர் லாரி உங்க தெருவைத் தாண்டிப் போனால் 480 ரூபாய். லாரி கிளப்பும் புழுதி உங்க கண்ணுக்குத் தெரிகிறது. அந்த 480 ரூபாயும் கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?

அந்த நிதியில் பெரும்பகுதி குடிநீர், சுற்றுச்சூழல், மருத்துவம், கல்வி, துப்புரவு போன்ற முன்னுரிமைப் பணிகளுக்குப் போக வேண்டும். முதலில் 60 சதவீதம் என்று இருந்தது பிறகு 70 சதவீதம் ஆனது. பாசனமும் நீர்ப்பிடிப்பு மேம்பாடும் அனுமதிக்கப்பட்ட பணிகளில் உண்டு. ஆகவே சுரங்கத்தை ஒட்டிய ஊர் ஒன்று தன் வரத்து வாய்க்காலைச் சீர்செய்யவும் குடிநீர்க் குளத்தை ஆழப்படுத்தவும் இந்த நிதியில் கேட்கலாம். அறக்கட்டளைக்கு மாவட்ட ஆட்சியர் தலைமை. எடுத்த பணிகளின் விவரத்தைப் பொதுவெளியில் வைக்க வேண்டும் என்பது விதி. கிடைக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

புதிய சுரங்கமோ விரிவாக்கமோ வரும்போது நடக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தையும் விட்டுவிடாதீர்கள். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்கும். அதில் உங்க ஏரியின் பெயரும் வரத்து ஓடையும் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் சர்வே எண்ணோடு எழுத்தில் கொடுங்கள். கூட்டத்தில் பேசியது பதிவாகும், எழுதிக் கொடுத்தது கோப்பில் நிற்கும். வேலையும் வேண்டும், தண்ணீரும் வேண்டும் என்று கேட்பதில் முரண்பாடு எதுவும் இல்லை. இரண்டுமே நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான்.

ஆண்டுக்கு ஆறு நாள்

இத்தனையும் ஒருவர் தனியாகச் செய்தால் "அவருக்கு வேற வேலை இல்ல" என்பார்கள். ஊரே செய்தால் அது தீர்மானம். அதற்கான இடம் கிராம சபை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். ஏரியைப் பேசப் பொருத்தமான நாள், கோடை வேலை தொடங்கச் சரியான நேரமும்கூட.

கூட்டம் செல்ல வேண்டுமானால் குறைந்தபட்ச வருகை வேண்டும். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். வாட்ஸ்அப் குழுவில் நூறு பேர் இருக்கிறீர்கள் என்றால் அவர்களைக் கூட்டி வாருங்கள். குழுவில் போடும் கைதட்டல் படம் தீர்மானப் புத்தகத்தில் ஏறாது.

தீர்மானத்தில் நான்கு விஷயம் இருக்கட்டும். ஏரியின் பெயரும் சர்வே எண்ணும். பதிவேட்டில் உள்ள பரப்பு. செய்ய வேண்டிய வேலை எது, எந்த இடத்தில். எந்தத் துறையிடம் அல்லது எந்த நிதியிலிருந்து கேட்கிறோம். எழுதி முடித்ததும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நகல் கேளுங்கள். பிறகு உங்க ஊராட்சியின் ஆண்டுத் திட்டத்தில் அந்த வேலை ஏறியிருக்கிறதா என்று இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம்.

வெளியூரில், வெளிநாட்டில் இருந்து இதைப் படிக்கிற தம்பி, தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. கூட்டத்துக்கு உங்களால் வர முடியாது. ஆனால் சர்வே எண்ணைத் தேடுவது, பதிவேட்டைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்புவது, மனு தட்டச்சு செய்து தருவது எல்லாம் எங்கிருந்தும் முடியும். பணம் அனுப்புகிற பிள்ளை ஊருக்கு இதையும் அனுப்பலாம்.

அடிக்கடி கேட்கும் சந்தேகங்கள்

"பதிவேட்டில் ஏரி என்று இருக்கிறது, நேரில் மேடாகிக் கிடக்கிறது. அப்படியும் அது ஏரிதானா?" ஆமாம். தண்ணீர் இல்லாததால் ஏரி என்ற வகைப்பாடு போய்விடாது.

"வாய்க்கால் பட்டா நிலத்துக்குள் போகிறது. என்ன செய்வது?" புலப்படத்தில் அது தனி எண்ணாகப் பிரிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிரிந்திருந்தால் அது அரசு வாய்க்கால். இல்லையென்றால் நில உரிமையாளரோடு பேசித்தான் தீர்க்க வேண்டும், கிராம சபை அதற்கு நல்ல இடம்.

"மழையில் கரை உடையும்போல் இருந்தால்?" மனு எழுத உட்காராதீர்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077. உடனே கூப்பிடுங்கள். ஊர், ஏரியின் பெயர், கரையில் எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள்.

"எங்க வீட்டளவில் என்ன செய்யலாம்?" 500 சதுர அடி மாடியில் 900 மில்லிமீட்டர் மழை என்பது சுமார் 40,000 லிட்டர். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். அன்று வைத்த குழாய் இன்றும் தொட்டிக்குத்தான் போகிறதா, நடுவில் உடைந்து தெருவுக்குப் போகிறதா என்று ஐப்பசிக்கு முன்னால் ஒருமுறை பாருங்கள்.

இந்தப் பக்கத்தை மூடுவதற்கு முன் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். ஐந்து நிமிடம் போதும். உங்க ஊரு ஏரியின் பெயர், சர்வே எண், பரப்பு, வரத்து வாய்க்காலின் எண், பொறுப்பில் உள்ள துறை. இந்த ஐந்தையும் கைபேசியில் ஒரு குறிப்பாகச் சேமியுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் வாய்க்கால் முன்பு எந்த வழியாக வந்தது என்று கேட்டு அதையும் எழுதுங்கள். பிறகு அந்தக் குறிப்பை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, அடுத்த கிராம சபைத் தேதியையும் கீழே சேர்த்துவிடுங்கள்.